கேமராவின் உரிமையாளரும் வீட்டின் மற்றவர்களும்

2017 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அமெரிக்காவின் ரிங் நிறுவனத்தில் பணியாற்றிய ஓர் ஊழியர் வாடிக்கையாளர்களின் வீட்டுக் கேமராக்களில் பதிவான ஆயிரக்கணக்கான காணொளிகளைப் பார்த்திருக்கிறார். குறைந்தது 81 பெண்களின் கேமராக்கள் அவை. கேமரா வாங்குபவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். படுக்கையறை, குளியலறை என்று பெயரிடப்பட்டவற்றைத்தான் அவர் தேடித் திறந்தார். உடன் வேலை பார்த்த பெண் ஒருவர் இதைக் கவனித்து மேலதிகாரியிடம் சொன்னார். ஒரு பொறியாளர் இத்தனை கணக்குகளைப் பார்ப்பது சகஜம் என்றுதான் முதலில் பதில் வந்தது. அந்த ஊழியர் பார்த்தது அழகான பெண்களின் காணொளிகளை மட்டுமே என்பது மேலதிகாரியின் கண்ணில் பட்ட பிறகே விசாரணை நடந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 மே மாதம் தாக்கல் செய்த மனுவில் இவை எல்லாம் இருக்கின்றன. அதற்குள் ரிங் அமேசானின் கைக்குப் போயிருந்தது. 58 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

இந்தச் சம்பவத்தில் எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. அந்த ஊழியர் யாருடைய கடவுச்சொல்லையும் திருடவில்லை; அவருக்கு அனுமதி இருந்தது. அன்றைக்கு ரிங்கின் ஊழியர்கள் எல்லோருக்கும், உக்ரைனில் இருந்த நூற்றுக்கணக்கான ஒப்பந்தப் பணியாளர்களுக்கும், வேலைக்குத் தேவையோ இல்லையோ, எல்லா வாடிக்கையாளர்களின் காணொளிகளையும் திறக்க வழி இருந்தது என்கிறது ஆணையம்.

ஸ்மார்ட் கருவிகளின் ஆபத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு உடனே ஹேக்கரிடம் போய்விடுகிறது. எங்கோ இருட்டறையில் உட்கார்ந்துகொண்டு நம் வீட்டுக்குள் நுழையும் அந்நியன். அவன் இருக்கிறான், அவனால் நேர்ந்தவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இந்தத் துறையில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் வழக்குகளையும் ஆய்வுகளையும் வரிசையாகப் படித்தால் வேறொன்று மேலெழுந்து வருகிறது. இந்தக் கருவிகள் ஒரு வீட்டில் ஒரே ஒரு மனிதர்தான் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு செய்யப்பட்டவை. பணம் கொடுத்து வாங்கியவர், செயலியில் கணக்குத் தொடங்கியவர், நிபந்தனைகளுக்குச் சம்மதம் என்று விரலால் தொட்டவர் அவர். மனைவி, குழந்தை, வயதான தாய், வீட்டு வேலைக்கு வரும் பெண், எதிர்வீட்டுக்காரர் ஆகியோரின் சம்மதத்தையும் அந்த ஒரு விரலே கொடுத்துவிடுகிறது. பெரும்பாலான கேடுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

முதலில் ஹேக்கரைப் பார்த்துவிடுவோம். 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள அவர்களின் படுக்கையறையில் பெற்றோர் ஒரு ரிங் கேமராவைப் பொருத்தினார்கள். சில நாட்களிலேயே அந்தக் கேமராவின் ஒலிபெருக்கியிலிருந்து ஓர் ஆண்குரல் அங்கிருந்த எட்டு வயதுச் சிறுமியிடம் பேசியது. தான் கிறிஸ்துமஸ் தாத்தா என்றது. குழந்தை அம்மாவைக் கூப்பிட்டு அலறியது காணொளியில் பதிவாகி உலகம் முழுக்கப் போனது. இதைப் போன்ற ஊடுருவல்களுக்குப் பெரிய தொழில்நுட்பத் திறமை தேவைப்படவில்லை. வேறு ஏதோ இணையதளத்திலிருந்து திருடுபோன மின்னஞ்சல் முகவரிகளையும் கடவுச்சொற்களையும் பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் பயன்படுத்துபவரின் கேமரா திறந்துகொள்ளும். 2019 ஜனவரிக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையில் ஏறக்குறைய 55,000 அமெரிக்க வாடிக்கையாளர்களின் கணக்குகள் இப்படிப் பிறர் கைக்குப் போயின. இந்தத் தாக்குதல் முறை தொழில்துறைக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருந்தால் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம். கட்டாயமாக்கினால் வாடிக்கையாளருக்குச் சிரமம், சிரமம் என்றால் விற்பனை குறையும் என்ற கணக்குதான் குறுக்கே நின்றது என்று நினைக்கிறேன்.

2016இல் வந்த மிராய் இதைவிட விசித்திரமானது. அது லினக்ஸில் இயங்கும் சிறு கருவிகளைத் தொற்றும் ஒரு நச்சுநிரல். இணையத்தில் கண்ணில் படும் முகவரிகளையெல்லாம் தட்டிப் பார்க்கும். டெல்நெட் என்ற பழைய வாசல் திறந்திருந்தால், தன்னிடம் உள்ள அறுபது சொச்சம் பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளைப் போட்டுப் பார்க்கும். எல்லாம் ஆலையிலிருந்து வரும்போதே வைத்து அனுப்பப்படும் கடவுச்சொற்கள். வீட்டுக் கேமராக்கள், டி.வி.ஆர். பெட்டிகள், ரவுட்டர்கள் இப்படி விழுந்தன. முதல் 20 மணி நேரத்தில் 65,000 கருவிகளைத் தொற்றியது. உச்சத்தில் அந்த எண்ணிக்கை 6 லட்சம். 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின் சர்வர்கள்மீது இந்தக் கருவிப்படை ஏவப்பட்டது. இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தருவது டைனின் வேலை. அது திணறியதும் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட், ஸ்பாட்டிஃபை என்று வரிசையாகப் பல தளங்கள் அமெரிக்காவின் பெரும்பகுதியில் திறக்கவில்லை. மிராயை எழுதியவர்கள் வல்லரசு ஒன்றின் உளவாளிகள் அல்லர். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் வியாபாரத்தில் போட்டியாளர்களை முடக்கத் தொடங்கிய மூன்று இளைஞர்கள். 2017இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் நிரலை இணையத்தில் வெளியிட்டுவிட்டதால் அது பலர் கைக்குப் போய், இன்றுவரை புதுப்புதுப் பெயர்களில் உலவுகிறது.

மிராய் தொற்றிய கேமராவின் சொந்தக்காரருக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவருடைய கேமரா வழக்கம்போலப் படம் காட்டிக்கொண்டிருந்தது. பாதிப்பு வேறு யாருக்கோ. ஆகவே வாங்குபவர் பாதுகாப்பான கருவியைக் கேட்டு வாங்கவில்லை. விற்பவரும் அதற்காகச் செலவழிக்கவில்லை. சீனாவின் சியோங்மாய் நிறுவனத்தின் பாகங்களைக் கொண்ட பல கருவிகளில் கடவுச்சொல் உள்நிரலிலேயே பதிக்கப்பட்டிருந்தது. உரிமையாளர் மாற்ற நினைத்தாலும் அதை மாற்ற வழியில்லை. சந்தை தானாகத் திருத்திக்கொள்ளும் என்று காத்திருக்க முடியாத இடம் இது. சட்டம் தலையிட்டே ஆகவேண்டும். பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் பொதுவான ஆலைக் கடவுச்சொற்களுடன் இத்தகைய கருவிகளை விற்பதைத் தடைசெய்தது. எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதையும் விற்பவர் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும். சிங்கப்பூர் 2020 முதல் நான்கு நிலைகளில் பாதுகாப்பு முத்திரை வழங்குகிறது. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சி.சி.டி.வி. கேமராக்கள் அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பிறகே விற்பனைக்கு வரமுடியும். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் டெலிகிராமில் விற்கப்பட்டது வெளியே வந்தது. புதிய விதி புதிய கேமராக்களுக்கு. ஏற்கெனவே சுவரில் தொங்கிக்கொண்டிருப்பவை அப்படியே இருக்கின்றன.

ஆக, வெளியிலிருந்து வருபவனைத் தடுப்பது கடினமானாலும் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவு. உரிமையோடு உள்ளே இருப்பவர்களின் விஷயத்தில் அந்தத் தெளிவு இல்லை.

குரல் உதவியாளர்களை எடுத்துக்கொள்வோம். அலெக்ஸா, கூகுள் உதவியாளர் போன்றவை எல்லா நேரமும் ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்கும், ஆனால் எழுப்பும் சொல்லைக் கேட்டால்தான் பதிவை சர்வருக்கு அனுப்பும். அந்தச் சொல்லை அடையாளம் காண்பது கருவிக்குள் இருக்கும் ஒரு சிறிய மாதிரி. அது நிகழ்தகவை வைத்து முடிவெடுப்பதால் தவறவே செய்யும். ஜெர்மனியின் போஹும் (Bochum) நகர ஆய்வாளர்கள் 2020இல் இப்படித் தவறாகக் கருவிகளை எழுப்பும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்றொடர்களைக் கண்டுபிடித்தார்கள். தவறி எழுந்த கருவி அனுப்பும் பேச்சைச் சில நேரங்களில் மனிதர்கள் கேட்கிறார்கள். 2019 ஜூலையில் பெல்ஜியத்தின் வி.ஆர்.டி. ஒலிபரப்பு நிறுவனத்துக்குக் கூகுளின் ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் மூலம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் கிடைத்தன. அவற்றில் 153 பதிவுகள் எழுப்பும் சொல் இல்லாமலே பதிவானவை; படுக்கையறைப் பேச்சு, பெற்றோர் பிள்ளைகளிடம் பேசியது எல்லாம் இருந்தன. அதே ஆண்டு அமேசானுக்காகப் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் பணியாளர்கள் பாஸ்டன், கோஸ்டாரிகா, ருமேனியா, இந்தியா ஆகிய இடங்களில் இருப்பதை புளூம்பெர்க் வெளியிட்டது. ஒருவர் ஒரு வேலைநேரத்தில் ஆயிரம் பதிவுகள்வரை கேட்பார். கருவியைச் செம்மைப்படுத்த மனிதக் காது தேவை என்பது நிறுவனங்களின் பதில். அது உண்மையும்கூட. ஆனால் அந்த மனிதக் காதைப் பற்றி வாங்கியவருக்கே தெளிவாகச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு விருந்துக்கு வந்தவரிடம் யார் சொல்வது?

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் மோசம். அலெக்ஸாவிடம் பேசிய குழந்தைகளின் குரல்பதிவுகளைக் காலவரையின்றி வைத்திருந்ததற்காகவும், பெற்றோர் அழிக்கச் சொன்ன பிறகும் எழுத்து வடிவத்தை விட்டுவைத்ததற்காகவும் அமேசான் 2023இல் 2.5 கோடி டாலர் கட்டியது. ரிங் வழக்கு அறிவிக்கப்பட்ட அதே நாளில்தான் இதுவும் வந்தது. ஜெர்மனி இந்தக் கேள்வியை வேறு விதமாக எதிர்கொண்டது. குழந்தையோடு பேசும் கேய்லா என்ற பொம்மையை அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு 2017 பிப்ரவரியில் மறைமுக உளவுக்கருவி என்று அறிவித்து விற்பனையைத் தடைசெய்தது. வாங்கி வைத்திருந்த பெற்றோரையும் பொம்மையைச் செயலிழக்கச் செய்யச் சொன்னது. கடுமையாகத் தோன்றலாம். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. ஒரு குழந்தை தன் பொம்மையிடம் சொல்வதை யார் கேட்கலாம் என்ற கேள்விக்கு, பக்கம் பக்கமான நிபந்தனைகளில் பதில் தேடவேண்டியதில்லை.

இந்தச் சம்மதம் எவ்வளவு மெல்லியது என்பதை அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனத்தின் தரையைச் சுத்தம் செய்யும் ரோபோ காட்டியது. 2020இல் சோதனைக்காகச் சிலர் வீடுகளில் விடப்பட்ட ரூம்பா ரோபோக்கள் எடுத்த படங்கள், அவற்றில் இருக்கும் பொருட்களைப் பெயரிட்டுக் குறிப்பதற்காக வேறொரு நிறுவனத்துக்குப் போயின. அங்கிருந்து வெனிசுவேலாவில் துண்டுவேலை செய்பவர்களிடம் போய், அவர்களுடைய சமூக ஊடகக் குழுக்களில் ஏறிவிட்டன. எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் 2022 டிசம்பரில் இதை வெளிக்கொண்டு வந்தது. ஒரு படத்தில் கழிப்பறையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண். இன்னொன்றில் தரையில் படுத்தபடி ரோபோவைப் பார்க்கும் ஒரு சிறுவன். அவை கடையில் விற்கப்பட்ட ரோபோக்கள் அல்ல, பங்கேற்றவர்கள் எழுத்துபூர்வமாகச் சம்மதித்திருந்தார்கள் என்றது நிறுவனம். ரோபோ உலவும் இடத்திலிருந்து அந்தரங்கமானவற்றை, குழந்தைகள் உட்பட, அகற்றிவிடும்படி சொல்லியிருந்ததாகவும் சொன்னது. வீட்டிலிருந்து குழந்தையை அகற்றுவது எப்படி? கையெழுத்திட்டவரின் பொறுப்பு என்று எழுதிவிட்டதால் அந்தச் சிறுவனின் உரிமை காப்பாற்றப்பட்டதாக ஆகிவிடுமா?

டி.வி.யில் நடப்பது இவ்வளவு நாடகத்தனமாக இருக்காது, ஆனால் பரப்பு பெரிது. விசியோ நிறுவனம் 2014 முதல் சுமார் 1.1 கோடி டி.வி.க்களில் திரையில் ஓடுவதை நொடிக்கு நொடி கண்காணித்தது. திரையின் சில புள்ளிகளை எடுத்து, தன்னிடமுள்ள நிகழ்ச்சித் தொகுப்போடு ஒப்பிட்டு, என்ன ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடும். கேபிள், டி.வி.டி., ஓ.டி.டி. எதுவானாலும் ஒன்றுதான். இந்தத் தகவலோடு வீட்டின் இணைய முகவரியையும் சேர்த்து விற்றதால், வாங்கியவர்கள் அந்த வீட்டாரின் வயது, பாலினம், வருமானம், திருமண நிலையெல்லாம் இணைத்துக்கொள்ள முடிந்தது. இது குறித்த வழக்கை முடிக்க 2017இல் 22 லட்சம் டாலர் கட்டினார்கள். அதன்பின் நுகர்வோரிடம் கேட்டுக்கொண்டு அதையே செய்தார்கள். 2021இல் டி.வி. விற்றுக் கிடைத்ததைவிட விளம்பரத்திலும் தரவிலும் அந்நிறுவனத்துக்கு லாபம் கூடுதலாகக் கிடைத்தது. டி.வி. இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டுத்தானே போகிறது என்பவர்களுக்குப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஒரு பதில் வைத்திருந்தார்கள். தூக்கத்தை அளக்கும் கருவி, கேமரா, ஸ்மார்ட் சுவிட்ச், எக்கோ ஸ்பீக்கர் ஆகிய நான்கையும் வைத்து, அவற்றிலிருந்து போகும் தரவைப் படிக்காமல் எப்போது எவ்வளவு போகிறது என்பதை மட்டும் கவனித்தார்கள். வீட்டில் இருப்பவர் எப்போது படுத்தார், எப்போது எழுந்தார், எப்போது சுவிட்சைப் போட்டார் என்பது தெரிந்துவிட்டது. இணையச் சேவை தருபவருக்கு இது போதும்.

மின்மீட்டரிலும் இதே கதைதான். 1980களில் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட், வீட்டுக்குள் போகும் மொத்த மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்தே எந்தச் சாதனம் எப்போது ஓடுகிறது என்று பிரித்தறியும் முறையை உருவாக்கினார். இது கண்காணிப்புக்குப் பயன்படும் என்று 1989லேயே அவரே எச்சரித்து எழுதினார். தன் கண்டுபிடிப்பின் நிழலை இவ்வளவு சீக்கிரம் பார்த்துச் சொன்ன பொறியாளர்கள் அதிகம் இல்லை. 2009இல் நெதர்லாந்தின் மேலவை, ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவை அந்தரங்க உரிமையின் பேரில் தடுத்து நிறுத்தியது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் நேப்பர்வில் நகரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மின் அளவைச் சேகரித்தது குறித்த வழக்கில், அதுவும் வீட்டைச் சோதனையிடுவதே என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. குற்ற விசாரணைக்காக அல்ல என்பதால் அந்தச் சோதனை நியாயமானதே என்றும் சொன்னது. தமிழ்நாடு உட்பட இந்தியா முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தும் திட்டம் நடந்துவருகிறது. கட்டண உயர்வு, பிரீபெய்டு, ஒப்பந்தப் புள்ளி இவை பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அந்த மீட்டர் எழுதும் நாட்குறிப்பை யார் படிக்கலாம் என்பது பற்றி அநேகமாகப் பேசவே இல்லை.

இப்போது வீட்டுக்குள் வருவோம். 2018இல் நியூயார்க் டைம்ஸ், அமெரிக்காவின் குடும்ப வன்முறை உதவி மையங்களுக்கு வரும் புதுவிதப் புகார்களைத் தொகுத்தது. ஏ.சி. தானாக அணைகிறது. கதவின் எண்பூட்டுக்கு தினமும் எண் மாறுகிறது. அழைப்புமணி அடிக்கிறது, போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. வீட்டைவிட்டுப் போன கணவனின் கைபேசியில் இன்னும் அந்தச் செயலி இருக்கிறது. சொன்னால், உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் ஒருவர் 11 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். வீட்டின் விளக்கையும் வெப்பத்தையும் இயக்கச் சுவரில் பதித்திருந்த ஐபேடின் மைக் வழியாக, பிரிந்திருந்த மனைவி தன் தாயிடம் பேசியதை ஒட்டுக்கேட்டிருக்கிறார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் லியோனி டான்சர் தலைமையிலான குழு இந்தப் பொருளில் தொடர்ந்து ஆய்வு செய்துவருகிறது.

இங்கே வலுவான கடவுச்சொல் உதவாது. அந்தக் கடவுச்சொல் அவனுடையது. நம் குடும்பங்களில் கருவியை வாங்குவது, பொருத்துவது, கணக்கைத் தன் பெயரில் வைத்துக்கொள்வது பெரும்பாலும் ஆண்தான் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. கூடத்தில் ஒரு கேமரா, அலுவலகத்தில் ஒரு கைபேசி. மருமகள் எத்தனை மணிக்கு எழுந்தாள், யார் வந்து போனார்கள், யாரிடம் எவ்வளவு நேரம் பேசினாள் என்பதெல்லாம் பாதுகாப்பு என்ற பெயரிலேயே தெரிந்துவிடும். மாமியாரின் கண்ணுக்குக்கூட மதியத் தூக்கம் என்று ஒன்று உண்டு.

அண்டைவீட்டாருக்கும் இந்தக் கேள்வி உண்டு. இதில் ஐரோப்பிய நீதிமன்றங்கள் தெளிவாகப் பேசியிருக்கின்றன. செக் குடியரசில் தன் வீட்டு ஜன்னல்கள் உடைக்கப்பட்டதால் ஒருவர் கேமரா வைத்தார். அது தெருவையும் எதிர்வீட்டு வாசலையும் பதிவுசெய்தது. பொது இடத்தைப் படம் பிடிக்கும் கேமரா முழுக்க வீட்டுச் சொந்த உபயோகம் ஆகாது, தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய பயம் நியாயமானது என்பதையும் அது மறுக்கவில்லை. 2021இல் ஆக்ஸ்ஃபோர்டில், பக்கத்து வீட்டுக்காரரின் அழைப்புமணிக் கேமரா தன் பேச்சையும் பதிவுசெய்கிறது என்று ஒரு பெண் தொடுத்த வழக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. படத்தைவிட ஒலிப்பதிவையே நீதிபதி கடுமையாகப் பார்த்தார். அந்த மைக் வாசலைத் தாண்டி 40 அடிக்கும் மேல் கேட்கக்கூடியது. நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எதிரெதிர்க் கதவுகளுக்கு நடுவே எத்தனை அடி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் நிலைமை என்ன? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகச் சொன்னது. பெண்ணை அந்தரங்கமான நிலையில் அவள் சம்மதமின்றிப் பார்ப்பதும் படம் பிடிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பிறகு நடைமுறைக்கு வரும். கேமரா நிறுவனத்தையும் ஸ்பீக்கர் நிறுவனத்தையும் இது ஓரளவு கட்டுப்படுத்தும். ஆனால் அதன் 3ஆம் பிரிவு, ஒரு தனிநபர் தன் சொந்த அல்லது வீட்டுக் காரியத்துக்காகத் தரவைக் கையாண்டால் இந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்குத் தருகிறது. தொலைபேசியில் நண்பர்களின் எண்களை வைத்திருப்பவரைச் சட்டத்துக்குள் இழுக்கக் கூடாது என்பதற்கு இந்த விலக்கு அவசியம். ஆனால் சமையலறையில் வேலை செய்யும் பெண்ணை நாள் முழுக்கப் பதிவுசெய்யும் கேமராவும் அதே விலக்கின் நிழலில் நின்றுவிட முடியும்.

அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அதே வேலையை ஒரு ஹோட்டல் அடுக்களையில் செய்தால், அவளைப் படம் பிடிக்கும் முதலாளியை வீட்டுக் காரியம் என்ற விலக்கு காக்காது. வீட்டில் செய்வதால் அவளுடைய பணியிடம், சட்டத்தின் கண்ணில், இன்னொருவரின் அந்தரங்க இடமாகிவிடுகிறது. கேமரா எங்கே இருக்கிறது, ஒலியும் பதிவாகிறதா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், அடுத்த தெருவில் இருக்கும் மகனும் அமெரிக்காவில் இருக்கும் மகளும் பார்க்கிறார்களா என்று கேட்க அவளுக்கு வழியில்லை. கேட்டால், திருட நினைப்பவள்தான் கேட்பாள் என்ற சந்தேகம் வரும். தனியாக இருக்கும் வயதான பெற்றோரைக் கவனிக்க ஆள் வைத்துவிட்டு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பதற்றம் எனக்குப் புரியாதது அல்ல. படுக்கையில் கிடக்கும் முதியவரைக் கவனிக்கக் கேமரா வைப்பதில் உண்மையான பயன் இருக்கிறது. ஆனால் அந்த முதியவரிடமும் யாரும் கேட்பதில்லை. உடை மாற்றும்போதும் அந்தக் கேமரா ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

தனி மனிதராகச் செய்யக்கூடியவை சுருக்கமானவை, பலருக்கும் தெரிந்தவை. ஆலைக் கடவுச்சொல்லை மாற்றுவது, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுவது, இந்தக் கருவிகளுக்கு வைஃபையில் தனி இணைப்பு தருவது, அப்டேட் நின்றுபோன கேமராவைக் கழற்றுவது, படுக்கையறையிலும் குளியலறை வாசலிலும் எந்தக் கேமராவையும் வைக்காமல் இருப்பது. மைக் தேவையில்லாத இடத்தில் ஒலிப்பதிவை அணைத்துவிடலாம். பெரும்பாலான செயலிகளில் அதற்கு வழி இருக்கிறது.

மற்றவை சட்டமும் தயாரிப்பாளரும் செய்யவேண்டியவை. ஒரு கேமராவை யார் யார் பார்க்கிறார்கள், எப்போது பார்த்தார்கள் என்பதைச் செயலி இல்லாதவரும் தெரிந்துகொள்ளும்படி கருவியிலேயே ஓர் அடையாளம் இருக்க முடியும். வீட்டைவிட்டுப் போனவரின் அனுமதியை அங்கே வசிப்பவர், பழைய உரிமையாளரின் தயவில்லாமல், கருவியில் உள்ள ஒரு பொத்தானால் நீக்க முடியும். இவற்றுக்குத் தேவையான தொழில்நுட்பம் கையில் இருக்கிறது, கேட்பாரில்லை. இந்தியச் சட்டத்தின் 3ஆம் பிரிவில், சம்பளம் வாங்கி வேலை செய்பவரைப் பதிவுசெய்வது வீட்டுக் காரியம் ஆகாது என்று ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். வேலைக்குச் சேரும் நாளில், கேமராக்கள் இன்ன இடத்தில் இருக்கின்றன, இத்தனை நாள் பதிவு இருக்கும், இன்னார் பார்ப்பார்கள் என்று அவருடைய மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. அந்தத் தாளின் படிவத்தைத் தயாரிக்க நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.